முதல்வரின் தொலைபேசி

மதுவும் மன்றமும் – 9

1946 நவம்பர் கடைசி. கனடாவின் கியூபெக் மாகாண மதுபான ஆணையத்தின் மேலாளர் எடுவார் அர்ஷாம்போ, முதல்வர் மொரீஸ் துப்ளெசியைத் தொலைபேசியில் அழைத்தார். யெகோவாவின் சாட்சிகள் என்ற மதக்குழுவினர் கைதாகும்போதெல்லாம் ஜாமீன் கொடுக்கிறாரே ரோன்கரெல்லி, அதே பெயரில் ஓர் உணவகக்காரர் நம் ஆணையத்தின் மது உரிமமும் வைத்திருக்கிறார், என்ன செய்யலாம் என்று கேட்டார். துப்ளெசி அவசரப்படவில்லை. பெயர் ஒன்றாக இருந்தால் ஆளும் ஒருவராக இருக்க வேண்டும் என்பதில்லை, முதலில் அதை உறுதிசெய்யுங்கள் என்றார். மறுபடியும் தொலைபேசி மணி அடித்தது. விசாரித்தாயிற்று, ஒரே ஆள்தான். அப்படியென்றால் உரிமத்தை ரத்துசெய்யலாம், இனி எந்தக் காலத்திலும் அந்த மனிதருக்கு உரிமம் கொடுக்க வேண்டாம் என்று முடிந்தது பேச்சு.

சென்ற அத்தியாயத்தில் இங்கிலாந்தின் கென்ட்மியர் பள்ளத்தாக்கில் இருந்தோம். அங்கே சூசன்னா ஷார்ப்பின் விடுதிக்கு உரிமத்தைப் புதுப்பிக்க உள்ளூர் நீதிபதிகள் மறுத்தார்கள். போலீஸ் மேற்பார்வைக்கு எட்டாத தூரம், அந்த ஊருக்கு அப்படியொரு விடுதி தேவையும் இல்லை என்பவை அவர்கள் சொன்ன காரணங்கள். 1891-இல் பிரபுக்கள் சபை அதை ஏற்றுக்கொண்டது. புதிதாக உரிமம் கொடுப்பதில் நீதிபதிகளுக்கு எவ்வளவு விருப்புரிமை உண்டோ, அவ்வளவு புதுப்பிப்பதிலும் உண்டு என்றது. ஷார்ப் தோற்றார். ஆனால் தீர்ப்பின் நடுவே ஹால்ஸ்பரி பிரபு ஒன்றைச் சொல்லிவைத்தார்: விருப்புரிமை அறிவுக்கும் நியாயத்துக்கும் கட்டுப்பட்டது, அதிகாரியின் சொந்த மனப்போக்கு அதில் நுழையக்கூடாது. தோற்றவருக்கு இதனால் காலணா லாபமில்லை. அந்த வாசகம் ஒரு மாகாண முதல்வரோடு நேருக்கு நேர் மோதினால் தாங்குமா என்பது அரை நூற்றாண்டுக்குப் பிறகு மாண்ட்ரியலில்தான் தெரிந்தது.

கியூபெக்கின் மதுச் சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். 1920-இல் அமெரிக்கா நாடு முழுவதும் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. கனடாவின் பல மாகாணங்களும் அப்போது வறண்டு கிடந்தன. கியூபெக் வேறு கணக்குப் போட்டது. 1921-இல் லூயி-அலெக்ஸாண்டர் தாஷரோவின் அரசு மதுபான ஆணையம் ஒன்றை அமைத்தது. சரக்கை வாங்குவதும் அதுவே, கடை வைத்து விற்பதும் அதுவே, ஹோட்டலுக்கும் உணவகத்துக்கும் உரிமம் கொடுப்பதும் அதுவே. உரிமத்தை ஆணையம் தன் உசிதம்போல் ரத்துசெய்யலாம் என்று ஒரு பிரிவு இருந்தது. என்ன காரணத்துக்காக என்று அந்தப் பிரிவில் ஒரு சொல்லும் கிடையாது. ஆணையத்தினர் மீது வழக்குப் போட வேண்டுமானால் மாகாணத் தலைமை நீதிபதியின் அனுமதி வேண்டும். இவ்வளவு வசதியான சட்டத்தை எந்த ஆளுங்கட்சிதான் வேண்டாம் என்னும்? துப்ளெசி தலைமையிலான யூனியன் நாசியோனால் 1944-இல் மறுபடி ஆட்சிக்கு வந்தபோது, மது உரிமம் கட்சிக்காரர்களைக் கவனித்துக்கொள்ளும் கருவியாகவும் மாறியிருந்தது. முதல்வரே சட்டத்துறைத் தலைவர் பதவியையும், அதாவது அட்டர்னி ஜெனரல் பொறுப்பையும் தம் கையில் வைத்திருந்தார்.

பிராங்க் ரோன்கரெல்லியின் உணவகம் மாண்ட்ரியலின் கிரெசென்ட் தெருவில் இருந்தது. நகரின் பரபரப்பான பகுதி, நல்ல பெயருள்ள இடம். தந்தையிடமிருந்து மகனுக்கு வந்த கடை. சுமார் 34 ஆண்டுகளாக இடைவிடாமல் மது உரிமம் இருந்தது. ஆண்டுதோறும் மே 1-ஆம் தேதி புதுப்பிக்கப்படும். 1946 மே மாதத்திலும் அப்படியே நடந்தது. கலப்படம் என்றோ, நேரம் கடந்து விற்றார் என்றோ ஒரு புகாரும் கிடையாது. ரோன்கரெல்லி படித்தவர், வசதியுள்ளவர். கூடவே யெகோவாவின் சாட்சிகளில் ஒருவர்.

1986-இல் கேரளத்தில் தேசிய கீதம் பாட மறுத்த மூன்று பள்ளிப் பிள்ளைகளின் வழக்கு நினைவிருப்பவர்களுக்கு இந்தக் குழுவை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கத்தோலிக்கம் ஊறிய கியூபெக்கில் இவர்கள் வீடு வீடாகச் சென்று பத்திரிகை விற்றார்கள். திருச்சபையைக் கடுமையாகத் தாக்கும் எழுத்து அது. மத நம்பிக்கைக்காகக் கைதுசெய்ய முடியாது என்பதால், நகராட்சி விதிப்படி உரிமம் இல்லாமல் தெருவில் பொருள் விற்றார்கள் என்று நூற்றுக்கணக்கானவர்களைப் பிடித்தார்கள். அந்தக் குற்றச்சாட்டு சட்டப்படி நிற்குமா என்பதில் நகராட்சி வக்கீல்களுக்கே சந்தேகம். ஒரே ஒரு வழக்கை மாதிரிக்கு நடத்திப் பார்ப்போம் என்று இரு தரப்பும் பேசிவைத்ததால் மற்றவை குவிந்துகொண்டே போயின. பிடிபட்டவர்களை வெளியே எடுக்க ஒருவர் வேண்டுமே. 1944 முதல் 1946 நவம்பர் 12 வரை சுமார் 380 முறை ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் ரோன்கரெல்லி.

அந்தக் கையெழுத்தின் மதிப்பைப் பார்க்க வேண்டும். அவர் ஊரில் இல்லாத நாளில் தாமதம் ஆகாமல் இருக்க, வெற்று ஜாமீன் பத்திரங்களில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி நீதிமன்ற ஊழியர்களே வைத்திருந்தார்கள். ஆள் பிடிபட்டதும் பெயரை எழுதிக்கொள்வார்கள். ஒரு ஜாமீன்தாரரை நீதிமன்றம் இதைவிட எப்படி நம்ப முடியும்? ஜாமீனில் போனவர் வராததால் பணம் பறிமுதலான சம்பவம் ஒன்றுகூட இல்லை. நவம்பர் 12-க்குப் பிறகு கையெழுத்து ஜாமீன் செல்லாது, ரொக்கம் கட்ட வேண்டும் என்று விதி மாறியது. அதோடு ரோன்கரெல்லியும் ஜாமீன் கொடுப்பதை நிறுத்திக்கொண்டார். முதல்வரின் காதுக்கு விஷயம் போனது அதற்கு அப்புறம்தான். நின்றுபோன ஒரு காரியத்துக்குத் தண்டனை கொடுத்தார்கள் என்பது இந்த வழக்கைப் பற்றிப் பேசுகிற பலரும் கவனிக்காமல் தாண்டிவிடும் இடம்.

நவம்பர் கடைசியில் ‘கியூபெக்கின் கொழுந்துவிட்டெரியும் வெறுப்பு’ என்ற பொருள்படும் தலைப்போடு ஒரு துண்டுப்பிரசுரம் மாகாணமெங்கும் பறந்தது. கடவுளையும் கிறிஸ்துவையும் சுதந்திரத்தையும் கியூபெக் வெறுக்கிறது என்ற குற்றச்சாட்டு அதில் இருந்தது. அரசு கொதித்துப்போனது. ஷெர்புரூக் நகரில் சாட்சிகளின் கூட்ட அரங்கில் பிரசுரங்கள் சிக்கின. அந்த இடத்தை வாடகைக்கு எடுத்தவர் பெயர் ரோன்கரெல்லி. பிரசுரத்தை எழுதியதிலோ பரப்பியதிலோ அவருக்குப் பங்கில்லை. மாண்ட்ரியலின் தலைமை அரசு வழக்கறிஞர் மதுபான ஆணையத்துக்குத் தகவல் சொன்னார். இந்த அத்தியாயத்தின் தொடக்கத்தில் பார்த்த தொலைபேசிப் பேச்சு அதற்கடுத்து நடந்தது.

டிசம்பர் 4, மதிய உணவு நேரம். வாடிக்கையாளர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மதுபான ஆணையத்தின் ஆட்கள் வந்து நுழைந்தார்கள். உரிமம் ரத்து, இருக்கும் சரக்கு அத்தனையும் பறிமுதல். முன்னறிவிப்பு இல்லை, விளக்கம் கேட்கவில்லை. அன்றைக்கே துப்ளெசி பத்திரிகையாளர்களிடம் உத்தரவு தம்முடையது என்று பெருமையாகவே சொன்னார். சாட்சிகளுக்கு இப்படிப் பகிரங்கமாகக் கைகொடுப்பவர் மாகாணம் வழங்கும் சலுகையை அனுபவிக்கக் கூடாது என்பது அவர் வாதம். மாண்ட்ரியலில் ஆங்கிலம் பேசும் வட்டாரங்களிலும் மெக்கில் பல்கலைக்கழக மாணவர்களிடையிலும் கண்டனம் எழுந்தது. அவர் அசையவில்லை. மது இல்லாத உணவகத்துக்கு அந்தத் தெருவில் யார் வருவார்கள்? சுமார் ஆறு மாதம் நடத்திப் பார்த்துவிட்டு ரோன்கரெல்லி கடையை மூடினார்.

இனி வழக்கு. எங்கே தொடுப்பது என்பதே முதல் தலைவலி. ஆணையத்தின் மேலாளர் மீது போட மாகாணத் தலைமை நீதிபதியிடம் அனுமதி கேட்டார்கள், மறுத்துவிட்டார். மிச்சம் இருந்தது ஒரே வழி. உரிமத்தை மீட்பதை விட்டுவிட்டு, துப்ளெசியைத் தனிமனிதராகப் பிரதிவாதி ஆக்கி, தவறு செய்து சேதம் விளைவித்தவர் நஷ்டஈடு தர வேண்டும் என்ற உரிமையியல் சட்டத்தின் 1053-ஆம் பிரிவைக் கொண்டு வழக்குப் போடுவது. பக்கத்து வீட்டுக்காரனின் சுவரை இடித்தவன் மீது போடும் அதே பிரிவு. முதல்வர் மீது போடப் பெரிய வழக்கறிஞர் நிறுவனம் எதுவும் முன்வரவில்லை. ஏ.எல். ஸ்டைன் என்ற மாண்ட்ரியல் வழக்கறிஞர் துணிந்தார். துணைக்கு மெக்கில் சட்டப் பேராசிரியர் எஃப்.ஆர். ஸ்காட்டை அழைத்துக்கொண்டார். ஸ்காட் கவிஞர், சோஷலிசக் கட்சியொன்றின் தேசியத் தலைவர், அதுவரை நீதிமன்றத்தில் வாதாடிப் பெரிய பழக்கம் இல்லாதவர். 1947-இல் போட்ட வழக்கில் கேட்ட தொகை 1,18,741 டாலர்.

துப்ளெசி சாட்சிக்கூண்டில் ஏறினார். உத்தரவிட்டீர்களா, ஒப்புதல் கொடுத்தீர்களா என்பதைச் சுற்றியே குறுக்கு விசாரணை. முடிவெடுத்தவர் அர்ஷாம்போ, நான் சம்மதம் சொன்னேன் என்று ஒரு மூச்சு. என் கடமையைச் செய்தேன், மனசாட்சிக்கு விரோதமில்லை என்று அடுத்த மூச்சு. உத்தரவிட்டது தாம்தான் என்று 1946-இல் பத்திரிகைகளிடம் சொன்னதை இப்போது மென்று விழுங்கவும் முடியவில்லை. பொறுப்பை அதிகாரி தலையில் போட்டால் தப்பலாம், ஆனால் அதிகாரி தம் பேச்சை மீறி எதையும் செய்ய மாட்டார் என்ற பெருமை போய்விடும். பதினைந்து வருடம் ‘தலைவர்’ என்றே அழைக்கப்பட்ட ஒருவருக்கு இரண்டாவது இழப்புதான் பெரிதாகப் பட்டிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

1951-இல் நீதிபதி மெக்கினன் ரோன்கரெல்லி பக்கம் தீர்ப்பளித்தார். ரத்துக்கு உண்மையான காரணம் முதல்வரின் உத்தரவே என்றார். தொகை 8,123 டாலர் 53 சென்ட். அதன் கணக்கைப் பிரித்துப் பார்த்தால்தான் நம் தொடருக்கு வேண்டிய விஷயம் கிடைக்கும். பறிமுதலான சரக்குக்கு 1,123 டாலர் 53 சென்ட். பெயர் கெட்டதற்கு 1,000 டாலர். இழந்த லாபத்துக்கு 6,000 டாலர். ஆனால் எத்தனை நாள் லாபம்? 1946 டிசம்பர் 4 முதல் 1947 மே 1 வரை மட்டும். மே 1-ஆம் தேதியோடு உரிமம் எப்படியும் காலாவதி ஆகிறது. அதற்குமேல் புதுப்பிக்கச் சொல்லிக் கேட்க உரிமக்காரருக்குச் சட்டத்தில் இடமில்லை. இல்லாத உரிமையை இழந்ததாக எப்படிச் சொல்வது? கென்ட்மியர் தீர்ப்பின் நிழல் இந்த ஐந்து மாதக் கணக்கில் அப்படியே விழுந்திருக்கிறது. 34 வருடம் நடந்த கடைக்கு நீதிமன்றம் கொடுத்த ஆயுள் ஐந்து மாதம்.

மேல்முறையீட்டில் அதுவும் போயிற்று. 1956-இல் கியூபெக் மேல்முறையீட்டு நீதிமன்றம் துப்ளெசி பக்கம் சாய்ந்தது. அர்ஷாம்போ ஏற்கெனவே முடிவுக்கு வந்திருந்தார், முதல்வர் ஆமோதித்ததுதான் நடந்தது என்பது பெரும்பான்மையின் கருத்து. கடை மூடி ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

1959 ஜனவரி 27 அன்று ஒட்டாவாவில் கனடா உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அதைத் திருப்பிப் போட்டது. ஆறு பேரும் ஒரே காரணம் சொல்லவில்லை. நீதிபதி மார்ட்லாந்து எழுதிய தீர்ப்பு எளிமையானது: ரத்துசெய்யும் அதிகாரம் சட்டப்படி ஆணையத்துக்கு மட்டுமே உண்டு, முதல்வருக்கோ அட்டர்னி ஜெனரலுக்கோ அதில் பங்கு கிடையாது, எனவே துப்ளெசி செய்தது பதவியின் பெயரால் செய்ததல்ல, தனிமனிதராகச் செய்தது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கப்படுவது ஐவன் ராண்டின் தீர்ப்பு.

ராண்ட் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்து மான்க்டன் ஊர்க்காரர், நெடுங்காலம் ரயில்வே வழக்கறிஞர். அந்தத் தீர்ப்பு வந்த வருடமே ஓய்வு பெற்றார். எல்லையற்ற விருப்புரிமை என்ற ஒன்று பொது அதிகாரத்தில் கிடையவே கிடையாது என்பது அவர் வாதத்தின் முதுகெலும்பு. உசிதம்போல் என்று சட்டம் எழுதியிருக்கலாம், லஞ்சம் வாங்கக் கூடாது, மோசடி செய்யக் கூடாது என்று அதே பிரிவில் எழுதவில்லை. அதனால் அவை அனுமதிக்கப்பட்டவை ஆகிவிடுமா? தலைமுடியின் நிறத்துக்காகவோ வேறு மாகாணத்தில் பிறந்ததற்காகவோ ஒருவருக்கு உரிமம் மறுக்க முடியுமா? மது விற்பதை ஒழுங்குபடுத்தத் தந்த அதிகாரத்தை மது விற்பது சம்பந்தமான காரணத்துக்கே பயன்படுத்த வேண்டும். ஜாமீன் கொடுப்பது எந்தக் குடிமகனும் செய்யக்கூடிய சட்டபூர்வமான காரியம், கடையில் விற்கும் ஒயினுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. எந்நாளும் உரிமம் கிடையாது என்ற பகுதியைத் தனியாகவே எடுத்துக் கண்டித்தார். வருகிற வருடத்து விண்ணப்பத்தை அந்த வருடத்தில் பார்த்துத் தீர்மானிக்க வேண்டியது ஆணையத்தின் வேலை. இன்றே அத்தனை வருடத்துக்கும் சேர்த்துக் கதவை அடைக்க யாருக்கும் அதிகாரம் தரப்படவில்லை.

இன்னொரு பகுதி என்னை அதிகமாக ஈர்த்தது. உரிமம் சலுகைதான் என்பதை ராண்ட் மறுக்கவில்லை. ஆனால் வருடம் கூடக் கூட உரிமக்காரரின் பிழைப்பு அந்தச் சலுகையோடு பின்னிக்கொண்டே போகிறது என்றார். முதல் வருடம் வேண்டாம் என்றால் வேறு தொழில் பார்ப்பார். முப்பத்து நான்காவது வருடம் வேண்டாம் என்பது வேறு. கட்டடம், ஆட்கள், வாடிக்கை எல்லாம் அந்தக் காகிதத்தை நம்பி வளர்ந்தவை. சட்டப் புத்தகத்தில் இரண்டு மறுப்பும் ஒன்று. கிரெசென்ட் தெருவில் நின்று பார்த்தால் ஒன்றல்ல.

இந்த எண்ணம் தொகையிலும் எதிரொலித்தது. புதுப்பிக்கச் சட்டப்படி உரிமை இல்லை என்பது சரி, ஆனால் இத்தனை ஆண்டு புகாரின்றி நடந்த கடைக்கு வழக்கம்போல் புதுப்பிக்கப்படும் என்ற நியாயமான எதிர்பார்ப்பு இருந்தது, அதற்கும் விலை உண்டு என்று பெரும்பான்மை கருதியது. தொழிலின் நற்பெயர் மதிப்பு குலைந்ததற்காக மேலும் 25,000 டாலர் சேர்த்தார்கள். மொத்தம் 33,123 டாலர் 53 சென்ட். கேட்டதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இருந்தாலும், சட்டத்தில் உரிமையாக இல்லாத புதுப்பித்தலுக்கு நீதிமன்றம் காசில் மதிப்புப் போட்டது என்பது கென்ட்மியரிலிருந்து நெடுந்தூரம்.

எதிர்த்த மூவரை அதிகாரத்துக்கு வால்பிடித்தவர்கள் என்று ஒதுக்குவது அவசரம். கார்ட்ரைட்டின் வாதம் நேர்மையானது. ஆணையம் எந்த அளவுகோலைக் கொண்டு தீர்மானிக்க வேண்டும் என்று சட்டசபை ஒன்றும் சொல்லவில்லை, அளவுகோலே இல்லாத இடத்தில் நீதிமன்றம் எதை வைத்து அளக்கும் என்று கேட்டார். சட்டம் மோசமானது என்றால் சட்டசபையைத்தான் கேட்க வேண்டும் என்பவர்களுக்கு இன்றும் அவர்தான் துணை. ஃபோத்தோ வேறு வழியில் போனார். முதல்வர் செய்தது சட்டவிரோதமே, ஆனால் அரசு அதிகாரி மீது வழக்குப் போட ஒரு மாத முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும், கொடுக்கவில்லை என்றார். மூன்றாமவர் ராபர்ட் தாஷரோவும் அந்த முன்னறிவிப்பில்தான் நின்றார்.

தாஷரோ என்ற பெயரை மேலே ஒருமுறை படித்தோம். 1921-இல் மதுபான ஆணையத்தை அமைத்த முதல்வர் லூயி-அலெக்ஸாண்டர் தாஷரோவின் மகன் இவர். 1936-இல் அந்த அரசின் ஊழல்களைச் சட்டசபைக் கணக்குக் குழுவில் நாள்தோறும் அம்பலப்படுத்தித் தந்தையைப் பதவியிலிருந்து இறக்கியவர் வேறு யாருமல்ல, துப்ளெசி. குடும்பப் பகையைத் தீர்க்க மகனுக்குக் கிடைத்த வாய்ப்பு அது. மகன் துப்ளெசி பக்கம் தீர்ப்பெழுதினார். நாவலில் எழுதினால் மிகை என்பார்கள்.

அதே 1959 செப்டம்பர் 7 அன்று, வடக்கே ஷெஃபர்வில் சுரங்க நகருக்குப் போயிருந்தபோது துப்ளெசி இறந்தார், பதவியிலிருக்கும்போதே. மறுவருடத் தேர்தலில் அவர் கட்சி தோற்றது. புதிய அரசு 1961-இல் பழைய மதுபான ஆணையத்தைக் கலைத்து வேறு வாரியம் அமைத்தது. 1971-இல் அதையும் இரண்டாக வெட்டினார்கள். மது விற்பது ஓர் அமைப்பு, உரிமம் கொடுப்பதும் புதுப்பிப்பதும் வேறோர் அமைப்பு என்று ஆனது. விற்கிறவனே உரிமம் தருகிறவனாகவும் இருந்த ஐம்பது வருட ஏற்பாடு அத்தோடு முடிந்தது. கிரெசென்ட் தெரு உணவகம் திரும்பத் திறக்கப்படவில்லை.

ரோன்கரெல்லியின் வழக்கு மாண்ட்ரியலிலிருந்து ஒட்டாவா போய்ச் சேர்வதற்குள், உரிமையா சலுகையா என்ற அதே கேள்வி புதிய அரசியலமைப்போடு இந்திய உச்ச நீதிமன்றத்தின் முன்னும் வந்துவிட்டது. 1954-இல் அஜ்மீர் கலால் ஆணையர் வழக்கில், மதுவைச் சில்லறையில் விற்கக் குடிமகனுக்கு இயல்பான உரிமை எதுவும் இல்லை என்று தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு புதுப்பித்தல் மறுக்கப்பட்ட கடைக்காரர்கள் எந்த வாசலைத் தட்டினார்கள் என்பதை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

(தொடரும்)